பின்னால் மிதித்தால் முன்னால் போகும்

இனிமேல் அந்த மேட்டின் உச்சியில் என் மனைவி எனக்காக ஒருநாள்கூடக் காத்து நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நான்தான் அவளுக்காகக் காத்து நிற்க வேண்டும். முடிந்தால் சைக்கிளில் ஒயிலாகச் சாய்ந்தபடி.

விஷயம் இதுதான். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பள்ளியும் அச்சகமும் மேட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் இருவரும் சைக்கிளில் ஒன்றாகக் கிளம்புவோம். ஒன்றாகப் போய்ச் சேர மாட்டோம். மேடு வந்ததும் அவள் ஏதோ சமதரையில் போகிறவள் மாதிரி போய்விடுவாள். நான் பாதி மேட்டில் இறங்கி, சைக்கிளையும் தள்ளி, என்னையும் தள்ளிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் இடத்துக்கு எப்படியோ வந்து சேருவேன்.

"நீங்க ஒரு மோட்டார் மாட்டிக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"என் காலே எனக்கு மோட்டார்" என்றேன். அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதனால் வீரமாகச் சொல்ல முடிந்தது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசத்துலேருந்து ஸ்கூல் வேன்லயே போயிடலாம்னு பார்க்கறேன்கா. அவரு மூச்சு வாங்கறதைப் பார்க்க முடியல."

தட்டு கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை. துணி காய்ந்ததா, குழாயில் தண்ணீர் வருகிறதா, இவ்வளவுதான் நாங்கள் வீட்டில் பேசுவது. மற்றதெல்லாம் சைக்கிளில்தான். அவள் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள். மேடு வரும்வரை நான் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வருவேன். அவள் வேனில் ஏறிவிட்டால் அந்தச் சிரிப்பை டிரைவர் அல்லவா கேட்பார்? ஆனாலும் மோட்டார் வேண்டும் என்று இப்போது போய்க் கேட்டால், என் காலின் மானம் என்னாவது?

யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடுவதென்று சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சைக்கிளை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"புதுசா ஒரு மின்சார சைக்கிளே எடுத்துடுங்களேன் சார்."

"புதுசு எடுத்தா வீட்டுல தெரிஞ்சிடும். இதுலயே மாட்டணும். மாட்டினது தெரியக் கூடாது."

"அப்ப முன் சக்கரத்தைக் கழட்டிட்டு, மோட்டார் வச்ச சக்கரம் போட்டுடலாம். பேட்டரியைச் சாப்பாட்டுப் பைக்குள்ள வச்சுக்குங்க. கைப்பிடியைத் திருகினா ஓடணுமா, மிதிச்சா ஓடணுமா?"

"திருகினா கண்டுபிடிச்சிடுவா. மிதியே இருக்கட்டும். கல்யாணமானவன், பழக்கம்தான்."

"கன்ட்ரோலரை எங்க வைக்கறது?"

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"சார், சைக்கிளுக்கு."

தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அப்ப பெடல் அச்சுல வர்ற இந்தக் காந்தத் தட்டை மட்டும் பார்த்து மாட்டுங்க. நீங்க மிதிக்கறதை மோட்டாருக்குச் சொல்றது இதுதான். தாள்ல எல்லாம் போட்டிருக்கு, நல்லாப் படிங்க."

"படிக்கறதா? படிக்கறதுதாங்க என் தொழிலே!"

ஞாயிற்றுக்கிழமை அவள் பள்ளிக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்தில் கடை விரித்தேன். அந்தச் செய்முறைத் தாளை எழுதியவனுக்குத் தமிழோடு ஏதோ பழைய பகை. 'பொறுத்தவும்' என்று எழுதியிருந்தான். பொறுப்பது கணவனின் வேலை, பொருத்துவது மெக்கானிக்கின் வேலை. இந்த வித்தியாசம்கூடவா தெரியாது? சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'அம்புகுறி வெளிபக்கம் பார்கவேண்டும்' என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரே வரியில் மூன்று ஒற்றுகளை விழுங்கியிருக்கிறான்! மூன்றையும் மீட்டு அந்தந்த இடத்தில் உட்காரவைத்தேன். பெரிய திருப்தியோடு நிமிர்ந்தேன். பிறகு, அம்புக்குறி உள்பக்கம் பார்க்கும்படி தட்டை மாட்டினேன்.

இது எங்கள் தொழிலில் வருகிற வியாதி. எழுத்தைப் பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டோம்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போதே என் சைக்கிளைச் சுற்றி வந்தாள்.

"என்னங்க, முன் சக்கரத்துக்கு நடுவுல ஏதோ வீங்கியிருக்கே?"

"டைனமோ."

"இவ்ளோ பெருசா?"

"வெளிச்சம் நிறைய வரும்."

"லைட்டே இல்லையே?"

"அது அடுத்த மாசம்."

"கைப்பிடியில ஏன் துணி சுத்தியிருக்கு?"

அதற்குள் மோட்டாரின் குட்டித் திரை இருந்தது. "கைப்பிடிக்குச் சளி" என்றேன். அவள் இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்து வைத்துக்கொண்டாள்.

மேடு வந்தது. அவள் வழக்கம்போல முன்னால் போனாள். நான் துணிக்குள் விரலை விட்டுப் பொத்தானை அழுத்தி, வேலனையும் மோட்டாரையும் நம்பி மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்து நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி மேட்டில் மூச்சு முட்டியது. இறங்கிவிடலாம் என்று காலைத் தளர்த்தியபோது பெடல் சற்றுப் பின்னால் சுழன்றது.

சைக்கிள் முன்னால் பாய்ந்தது!

பயந்து முன்னால் மிதித்தேன். நின்றுவிட்டது. பின்னால் சுழற்றினேன். மறுபடியும் பாய்ந்தது. யோசிக்க நேரமில்லை. பின்னால் மிதித்துக்கொண்டே முன்னால் ஏறினேன். மனைவியைத் தாண்டினேன்! அவள் பக்கம் திரும்பி ஒரு கம்பீரப் புன்னகைகூடச் செய்தேன். மேட்டில் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்த வாண்டுகள் எல்லாம் கூவின.

"டீச்சர், டீச்சர்! அந்த மாமா ரிவர்ஸ்ல மிதிச்சு நேராப் போறாரு!"

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றேன். ஒயிலாகத்தான். அவள் வந்து இறங்கினாள். சக்கரத்தைப் பார்த்தாள். பெடலைப் பார்த்தாள். பிறகு வகுப்பில் பேசும் அதே குரலில் கேட்டாள்.

"யாரு இந்த வேலையைச் செஞ்சது? செஞ்சவங்க கையைத் தூக்குங்க."

தூக்கினேன். பிடி விட்டதும் சைக்கிள் என் கால்மேல் விழுந்தது. அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, என் காலில் அடிபட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்? என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ வேன்ல போறேன்னு அக்காகிட்ட சொன்னியே" என்றேன். "நீ வேன்ல போயிட்டா நான் யாரோட பேசறது?"

அவள் சிரிப்பு நின்றது. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். காலர் நன்றாகத்தான் இருந்தது.

"எங்க ஸ்கூல்ல ஏதுங்க வேன்?"

"அப்ப அன்னிக்கு அக்காகிட்ட சொன்னது?" என்றேன்.

"நேராச் சொன்னா, காலே மோட்டார்னு சொல்வீங்க. அதான், நீங்க தட்டு கழுவற நேரமாப் பார்த்து ஜன்னல்கிட்ட நின்னு சொன்னேன். அக்காகூடக் கேட்டாங்க, எதுக்குடி இப்படிக் கத்தறேன்னு. கடைக்காரர்கிட்ட உங்க சக்கரத்தோட அளவை நான்தான் முன்னாடியே சொல்லி வச்சேன். ஒரு நாள் இந்த மேட்டுலயே நீங்க விழுந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

நான் ரகசியமாகச் செய்ததெல்லாம் அவள் போட்ட பாடத்திட்டம்.

அன்று மாலை செய்முறைத் தாளை அவள் வாங்கிப் படித்தாள். "ஒற்றெல்லாம் அழகாப் போட்டிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு, தட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். குட்டித் திரையிலும் ஏதோ அழுத்தினாள்.

இப்போதெல்லாம் மேட்டில் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. அவளோடு பேசிக்கொண்டே ஏறுகிறேன். ஆனால் எவ்வளவு மிதித்தாலும் அவளை முந்த முடிவதில்லை. அவள் என்ன வேகத்தில் போவாளோ அந்த வேகத்தோடு மோட்டார் நின்றுகொள்கிறது.

"கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதாம்மா?" என்று நேற்று கெஞ்சினேன்.

"என்னை விட்டுட்டு எங்க போகப் போறீங்க?"

"ஒரே ஒரு நாள் உனக்கு முன்னாடி போய் நிக்கணும்னு ஆசை."

"தாராளமா நில்லுங்க. ரகசிய எண் போட்டா வேகம் மாறும். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச எண்தான்."

"என்னது?"

"நம்ம கல்யாணத் தேதி" என்று சொல்லிவிட்டு மணியடித்தபடி பள்ளிக்குள் போய்விட்டாள்.

நானும் ஒவ்வொரு தேதியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.