சாயம் போன புடவையும் என் முதல் நேர்காணலும்

என் சட்டப் படிப்பின் மதிப்பெண் பட்டியலை நானாக யாரிடமும் காட்டியதில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் சி. சொத்துச் சட்டத்தில் அதைவிட மோசம். (எவ்வளவு மோசம் என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.) இந்த லட்சணத்தில், விடுமுறைப் பயிற்சி கேட்டு முப்பத்தேழு சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். பாதிப் பேர் வருந்துவதாக எழுதினார்கள். மீதிப் பேர் வருந்தக்கூட இல்லை. ஒரே ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

உட்லண்ட்ஸில் ரயிலேறி, பெரிய அலுவலகங்கள் நெருங்கி நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி, முப்பதாவது மாடிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் சீனர், சிரித்த முகம். இன்னொருவர் குட்டையாக முடி வெட்டிய தமிழ் அம்மையார். அவரை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தேன்.

லிட்டில் இந்தியாவில் என் சித்திக்குப் புடவைக் கடை உண்டு. சனி, ஞாயிறு நான்தான் கல்லாவில் இருப்பேன். தீபாவளிக் கூட்டத்தில் ஒருநாள் இதே அம்மையார் ஒரு நீலப் புடவையைக் கொண்டுவந்து, ஒரே தடவை அலசியதில் வாளி முழுக்க மையாகிவிட்டது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். சித்தி இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றியிருப்பார். அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் விடுவேனா?

“பில்லுலயே போட்டிருக்கு ஆன்ட்டி, நோ எக்ஸ்சேஞ்ச். நீங்க காசு குடுத்ததும் கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு லா. எனக்குத் தெரியும், நான் லா ஸ்டூடண்ட்.”

(முதல் லா நம் ஊர்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலில் ஒட்டுவது. இரண்டாவது லா நான் படித்துக்கொண்டிருந்தது. முதலாவதில்தான் எனக்குத் தேர்ச்சி அதிகம்.)

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவர் எதிரே, ‘குட் மார்னிங்’ சொல்லத் திறந்த என் வாய், “புடவையை மாத்தித் தந்துடுறேன் மேடம்” என்றது. சீனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மையார் என் பட்டியலைப் புரட்டினார். “கான்ட்ராக்ட்ல சி. எனக்கு ஆச்சரியமே இல்ல.”

“எனக்கும் இல்ல மேடம்.”

“சரி, இப்ப நான்தான் கடைக்காரி. நீ புடவை வாங்கினவளோட வக்கீல். பேசு.”

அவருக்குத் தெரியாத ஒன்று: அவர் போன மறுநாளே, உறுத்தல் தாங்காமல் பாடப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருந்தேன். நான் சொன்னது அத்தனையும் தப்பு. பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. ஆகவே பேசினேன். சீனருக்காக ஆங்கிலத்தில் நடந்த வாதத்தின் சாரம் இதுதான்:

“மனசு மாறினா மாத்தித் தரமாட்டோம்னு கடைக்காரங்க சொல்லலாம். கெட்டுப்போன சாமானை வித்துட்டு அப்படிச் சொல்ல முடியாது.”

“பில்லுல போட்டிருக்கே?”

“பில்லுல எதை வேணும்னாலும் அச்சடிக்கலாம். சட்டத்தை மாத்த முடியாது.”

“ஆனா எங்க கடைப் பொண்ணு லா ஸ்டூடண்ட்டாமே?”

“அவளை நம்பாதீங்க மேடம். கான்ட்ராக்ட்ல அவ சி.”

சீனர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கடையில எத்தனை வருஷமா நிக்கிறே?” என்றார்.

“செகண்டரி ஸ்கூல்லேருந்து. ஒரு வீக்கெண்ட் விட்டதில்ல.”

“அதை ஏன் அப்ளிகேஷன்ல போடல?”

புடவை மடித்துக் கொடுப்பதெல்லாம் அந்த மாடிக்கு ஏறாத சங்கதி என்று நினைத்திருந்தேன். மேடைப் பேச்சுக் கோப்பைகளைக் காட்டி விண்ணப்பித்தவர்கள் நடுவில், சனி, ஞாயிறு தவறாமல் முப்பது பேரிடம் பேரம் பேசியவள் நான் என்று எனக்கே அதுவரை உறைக்கவில்லை.

இடம் கிடைத்தது. நேராகக் கடைக்கு ஓடினேன்.

“என்னடி, கெடைச்சுதா?” என்றார் சித்தி.

“கெடைச்சுது சித்தி. ஆனா நீங்க ஒரு புடவை தரணும்.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு இருப்பதிலேயே நல்ல நீலத்தை எடுத்து, தானே போய் அம்மையாரிடம் கொடுத்துவிட்டும் வந்தார்.

இப்போது நான் வழக்கறிஞர். தீபாவளிக் கூட்டம் எவ்வளவு நெரித்தாலும், புடவை வாங்க வருகிற ஒருவரையும் சித்தி இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை:

“எங்க அக்கா மக வக்கீல், தெரியுமா? அவ ஜெயிச்ச மொத கேஸே எனக்கு எதிராத்தான்!”