நமசிவாயம் மாஸ்டரின் தகரக் கதவு

கராஜின் தகரக் கதவுக்கு வெளிப்பக்கம் முழுவதும் வெள்ளித்தாள் ஒட்டி முடித்து, நமசிவாயம் மாஸ்டர் கதிரையிலிருந்து இறங்கவும், கடற்கரைப் பக்கமிருந்து ஆமிக்காரர் இரண்டு பேர் ஒழுங்கைக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"மொகத மே?" என்றார் முன்னால் வந்தவர், துவக்கின் நுனியால் கதவைக் காட்டி.

இது என்ன என்று கேட்கிறார் என்பது மாஸ்டருக்கு விளங்கியது. பதில்தான் சிங்களத்தில் வரவில்லை. வாழ்நாளெல்லாம் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஒளித்தெறிப்பு விதிகளெல்லாம் தமிழில் நாக்கு நுனிவரை வந்து நின்றன. வேறு வழியில்லாமல் கையால் விளங்கப்படுத்தினார். மேலே சூரியனைக் காட்டினார். கதவைக் காட்டினார். கதவில் பட்ட வெளிச்சம் தெறித்துப் போகும் திசையையும் காட்டினார்.

அந்தத் திசையில் கடல் இருந்தது. கடலில் நேவியின் படகு ஒன்று நின்றது.

ஆமிக்காரர் இருவரும் படகைப் பார்த்தார்கள், பளபளத்த கதவைப் பார்த்தார்கள், பிறகு மாஸ்டரைப் பார்த்தார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழர் கடலை நோக்கி வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றால் அதை யாரும் விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டார்கள்.

நல்ல காலம், வீட்டுக்காரி பஹ்மியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார். சிங்களத்தில் படபடவென்று பொரிந்தார். கராஜுக்குள் குடியிருக்கும் வாத்தியார், பொலிசில் பதிந்த ஆள், உள்ளே சூடு தாங்காமல் ஏதோ செய்கிறார் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆமிக்காரர் மாஸ்டரின் கையாலேயே அத்தனை தாளையும் உரிக்கவைத்துவிட்டுத்தான் போனார்கள்.

"மாஸ்டர், கதவுல ஒண்டுமில்ல, நீங்க பொறத்தால..." என்று தொடங்கினார் பஹ்மியா.

"பஹ்மியா, தேத்தண்ணி போட்டிருக்கிறன், ஆறப்போகுது, வாங்கோ" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் மாஸ்டரின் மனைவி நேசமலர்.

இந்த அறையைப் பிடித்தவள் நேசமலர்தான். அதற்கு முன் இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். கனடாவிலிருக்கும் மகன் ஸ்பொன்சர் செய்திருந்தான். விசா வரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. மாஸ்டருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. லொட்ஜின் நடைகூடத்தில் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு நடந்தார். ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டார், இங்கிலிஷ் செய்தி கேட்டார், விளங்காத சிங்களச் செய்தியையும் கேட்டுவிட்டு மறுபடி நடந்தார். கனடாவுக்குக் கோல் எடுக்கிற கொமினிகேஷன் கடைக்காரர் அவரைக் கண்டதும் "இன்னும் இல்லை ஐயா" என்று தானாகவே சொல்லப் பழகியிருந்தார். கீழ் அறைக்காரர்கள், மேலே யாரோ ஓயாமல் நடக்கிறார்கள் என்று முறைப்பாடு செய்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை. நித்திரை அறவே இல்லை.

மாஸ்டர் ஒருநாள் பாஸ்போட் வரிசையில் நின்றபோது நேசமலர் வெள்ளவத்தைக்குப் போய் அறை பார்த்து, அட்வான்சும் கொடுத்துவிட்டு வந்தாள். போய்ப் பார்த்தால் அது கராஜ். கார் நின்ற எண்ணெய்க்கறை தரையில் அப்படியே இருந்தது. ஜன்னல் கிடையாது. மேற்குப் பார்த்த இரட்டைத் தகரக் கதவுதான் வாசலும். காலையும் பின்னேரமும் எங்கிருந்தோ பாண் சுடுகிற வாசம் வரும். அந்த அறையில் சுகம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

வந்த கிழமையே நேசமலர் தொடங்கிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, சொல்லிப்போட்டன். இந்தச் சூட்டுக்க என்னால இருக்கேலாது. நீங்கள் ஏதாவது செய்யாட்டி நான் கப்பலில யாழ்ப்பாணம் போறன்."

"விசர்க்கதை கதையாதையும். அங்க ஷெல் விழுது."

"விழட்டும். அது எப்பவாவது விழுறது. இது நாள் முழுக்க."

மாஸ்டருக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. தேத்தண்ணி போடத் தெரியாது என்பதற்காக மட்டும் இல்லை. ஊர் போயிற்று, வீடு போயிற்று, படிப்பித்த பள்ளிக்கூடத்தில் யார் யாரோ இருக்கிறார்கள். மிஞ்சியிருப்பது நேசமலர் ஒருத்திதான். அவளும் கப்பல் ஏறிவிட்டால் தான் என்ன ஆவது?

ஆகவே அவர் கதவைப் பகைத்துக்கொண்டார். இடம்பெயர்ந்து ஓடிய இரவில் மற்றவர்கள் காணி உறுதிகளையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு ஓட, அவர் ஆய்வுகூடத்து வெப்பமானியையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடியவர். அதற்கு இப்போது வேலை வந்தது. கட்டில் காலில் அதைக் கட்டிவிட்டு, மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"வெப்பம் வாறதுக்கு மூண்டு வழிதான் இருக்கு. கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு. தகரத்தில மூண்டும் நடக்குது. கதவை அடக்கினா அறை அடங்கும்."

"அப்ப அடக்குங்கோவன்" என்றாள் நேசமலர், தோய்த்த உடுப்புகளைப் பின்சுவரோடு கட்டிய கொடியில் விரித்துக்கொண்டே. அந்தக் கொடியில் போட்டால் மழைநாளிலும் உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் முறுகக் காய்ந்தது. அதுவும் தகரத்தின் வேலைதான் என்று மாஸ்டர் குறித்துக்கொண்டார்.

கதிர்ப்பைத் தடுக்க ஒட்டிய வெள்ளித்தாள் நேவிப் படகோடு முடிந்தது. அடுத்தது ஆவியாதல். புறக்கோட்டையில் பழைய அரிசிச் சாக்குகள் வாங்கிவந்து, தும்புத்தூள் நிரப்பித் தைத்து, தண்ணீரில் நனைத்து, கதவின் உட்புறமாகத் தலைக்கு மேலே அடுக்கினார். ஒரு கதவு திறக்க மட்டும் இடம் விட்டார். அடுக்கும்போது கை தானாக ஓடியது. ஊரில் எத்தனை தரம் அடுக்கியிருப்பார்.

வாடகை விஷயமாக எட்டிப் பார்த்த பஹ்மியா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாஸ்டர், எங்கட கராஜுக்குள்ள பங்கரா கட்டுறீங்க? பொலிஸ் கண்டா என்னையும் சேத்தெல்லோ ஏத்துவாங்க."

"பங்கர் இல்லைத் தங்கச்சி. இது குளிராக்கி."

குளிராக்கி அன்று பின்னேரமே வேலையைக் காட்டியது. சாக்கு ஈரமெல்லாம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. சுவர் வியர்த்தது. தலையணை நனைந்தது. அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்தது. வெள்ளவத்தை நுளம்புகள் எல்லாம் விலாசம் விசாரித்து வந்து சேர்ந்தன.

"இடியப்பம் பிழிஞ்சு உங்கட கட்டிலில வைச்சாலே அவிஞ்சிடும்" என்றாள் நேசமலர். "எப்பவாம் கப்பல்?"

"பொறும். இன்னும் ஒரு வழி இருக்கு."

அந்த வழி ரெஜிபோம். டீவிப் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளைப் பலகை. வெப்பத்தை அது கடத்தாது. மாஸ்டர் புறக்கோட்டையில் தன்னைவிட உயரமான பலகைகளாகப் பார்த்து வாங்கினார். பஸ்காரர் ஏற்ற மறுத்தார். ஓட்டோ பிடித்தார். காலி வீதிச் சென்றிப் பொயின்றில் ஓட்டோவை மறித்தார்கள். பலகைக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார்கள். நடுவிலும் ரெஜிபோம்தான் இருந்தது. அதை நம்புவதற்கு அவர்கள் எல்லாப் பலகையையும் முறிக்க வேண்டியிருந்தது. அன்று கடற்காற்று வேறு பலமாக வீசியது. காலி வீதி நெடுக வெள்ளை மணிகள் உருண்டன. ஒரு பொலிஸ்காரரின் மீசையில்கூட இரண்டு ஒட்டியிருந்தன. மாஸ்டர் சிரிக்காமல் நின்றதுதான் அன்று அவர் செய்த ஒரேயொரு புத்தியான காரியம்.

முறிந்த துண்டுகளோடு வந்து, கடையில் கொடுத்த பசையைப் பூசி ஒட்டினார். ஒட்டிய இடமெல்லாம் ரெஜிபோம் கரைந்து குழியாகியது. எந்தத் திரவத்தில் எது கரையும் என்று ஆண்டாண்டாகப் பிள்ளைகளைக் கேட்டு அடித்தவர். அதை நேசமலர் ஞாபகப்படுத்தவில்லை. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கிக் கொடுத்தாள்.

இரண்டு கதவுக்கும் இடையில், நிலைக்கும் கதவுக்கும் இடையில், கீழே தரையோடு, ஓர் இடைவெளி விடாமல் துண்டுகளை நெருக்கிப் பசை பூசினார். முடித்துவிட்டு இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டார். படுத்ததும் குறட்டை விட்டார். ரேடியோவின் பற்றரி இறங்கிப் பல நாளாகிவிட்டதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

விடிந்தபோது ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு.

"தொர அரின்ன" என்று, திறக்கச் சொல்லிக் கதவில் இடித்தார்கள்.

"வாறன், வாறன்" என்று மாஸ்டர் இழுத்தார். கதவு அசையவில்லை. காய்ச்சிய பசை இரவுச் சூட்டில் காய்ந்து கல்லாகியிருந்தது. நேசமலர் அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வெளியே சத்தம் கூடியது. உள்ளே ஆள் இருந்துகொண்டு திறக்க மறுத்தால் அதன் அர்த்தம் என்ன என்பது இருவருக்கும் தெரியும். மாஸ்டர் கத்திரிக்கோலால் குத்தினார், கரண்டியால் கிண்டினார்.

"தள்ளி வாங்கோ, சுடப்போறாங்கள்" என்று நேசமலர் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது உதையில் கதவு ஒன்று நிலையோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. ரெஜிபோம் நொறுங்கிக் கிளம்பி, உள்ளே பாய்ந்தவர்களின் தொப்பியிலும் துவக்கிலும் படிந்தது. அவர்கள் நின்று சுற்றிப் பார்த்தார்கள். வெள்ளைச் சுவர் போட்ட கதவு, மூலையில் சாக்கு மூட்டைகள், கட்டில் காலில் கட்டிய கண்ணாடிக் குழாய். எதை முதலில் கேட்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அவர்களில் பெரியவர் இரண்டு எட்டு உள்ளே வைத்தார். நெற்றியைத் துடைத்தார். "அம்மோ, ரஸ்னே" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். சூடு தாங்காமல் மற்றவர்களும் கட்டிலுக்குக் கீழே பார்க்காமலே அவர் பின்னால் போனார்கள். ஆனால் மாஸ்டரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

சாரமும் பெனியனுமாக அவரை ட்ரக்குக்குப் பக்கத்தில் குந்தவைத்தார்கள். நேசமலர் தலைமுடியைக் கட்டவும் மறந்து எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பஹ்மியா பொலிஸ் பதிவைக் கொண்டுவந்து, வெப்பமானியையும் கொண்டுவந்து, மனுசனுக்குச் சூட்டோடு ஒரு வருத்தம் என்று சொல்லி, ஒருவழியாக அவரை மீட்டார்.

அன்று பின்னேரம் அவருடைய தலையில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேசமலர் திடீரென்று அழுதாள்.

"காணும். இனி அந்தக் கதவைத் தொடாதேங்கோ. நான் ஒரு இடமும் போகேல்லை."

அழுகிற பெண் சொல்வதை மாஸ்டர் நம்பவில்லை. இவ்வளவு நடந்த பிறகு அவள் நிச்சயம் போய்விடுவாள் என்று நினைத்தார். அடுத்த நாள் அவள் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போன நேரம், எழுந்து வெப்பமானியைப் பார்த்தார். ஒரு பக்கக் கதவே இல்லை. வாசல் வழியாகக் கடற்காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கிறது. வெயிலும் சாய்ந்துவிட்டது. பாண் வாசம் கமகமவென்று வருகிறது. வெப்பமானி மட்டும் இறங்க மாட்டேன் என்று நிற்கிறது.

கதவில்லாமலும் சூடு இருக்கிறது. கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்று விரல் விட்டுப் பார்த்தார். நாலாவது வழி ஒன்றும் அகப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக விஞ்ஞானம் அவரைக் கைவிட்டது.

மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முன்வீட்டுப் படியேறி பஹ்மியாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் தோத்திட்டன். கதவைச் செய்து தாறன், அது என்ர பொறுப்பு. ஆனா அவளை இதுக்குள்ள வைச்சிருக்கேலாது, விட்டிட்டுப் போயிடுவாள். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்தில வேற ஒரு அறை, எவ்வளவு சின்னனா இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துத் தருவீங்களோ?"

பஹ்மியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒழுங்கையின் முனைவரை பார்த்தார். நேசமலர் வருகிற சிலமன் இல்லை.

"எங்கட மேல்ரூமே சும்மாதானே கெடக்குது மாஸ்டர், நல்ல கடக்காத்து, வாடகையும் இதேதான், மெடம் வந்த அண்டைக்கு மொதல்ல அதத்தான் காட்டினேன், கராஜுக்குப் பொறத்தால அடுத்த ஒழுங்கப் பேக்கரிர பாண் சுடுற போறண ஈக்கிது, சுவரு கொதிக்கும் எண்டும் செல்லித்தான் ஈக்கிறேன், அவங்கதான் 'அது சரிவராது, எங்கட மனுசன் லொட்ஜில நடந்து நடந்தே முடிஞ்சு போறாரு, அவருக்கு மல்லுக்கட்ட ஒரு கதவு வேணும்' எண்டு செல்லி இத எடுத்தாங்க."