கிணற்றைச் சுற்றிய நாற்பது

விசைத்தறிக் கூடத்தின் சாவியை மகன் கையில் கொடுத்த அன்றைக்கே சண்முகையாவின் தூக்கமும் கூடவே போய்விட்டது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "நடங்க அண்ணாச்சி, எல்லாம் சரியாப் போவும்" என்றார்.

முப்பது வருஷம் தறி ஓட்டிய மனிதர் வேலைவெட்டி இல்லாமல் தெருவில் நடப்பதா? சங்கரன்கோவிலே சிரிக்குமே! புறவாசல் கிணற்றை நாளைக்கு நாற்பது சுற்று சுற்றுவதென்று சபதம் எடுத்தார்.

சுற்றினார். துவைகல்லைத் தாண்டும்போது, "இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்று மகன் சொன்னது ஞாபகம் வரும். அடுத்த சுற்றிலும் அதே கல், அதே மகன், அதே பேச்சு. நாற்பது முடிவதற்குள் மகன் நாற்பது தடவை அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பான். ஒரு மாதத்தில் காலும் வலித்தது, தலையும் கொதித்தது. அந்தக் கொதிப்பில் வெந்தவள், பாவம், அவர் மனைவி சீனியம்மாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய காலையில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோமதியம்மனுக்கு நூத்தியெட்டு ஆடிச்சுத்து நேந்திருக்கேன். முட்டு மடங்க மாட்டேங்கு. நீங்கதான் சுத்தணும்."

"ஏட்டி, நேந்தது நீ, சுத்துறது நானா?"

"அப்ப முடியாதுன்னு அம்மன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

அதற்கு அவருக்குத் தைரியம் ஏது? போனார். கோயிலைச் சுற்றி ஊரே நடந்துகொண்டிருந்தது. பூ வாசம், மேல்காற்று, குழந்தைகளின் சத்தம். "இது ஏழாவதா, எட்டாவதா?" என்று குருவிகுளத்து விவசாயி ஒருவர் கேட்க, இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள். வீடு திரும்பிய பிறகுதான், மகன் ஒருதடவைகூட நினைவுக்கு வரவில்லை என்பது உறைத்தது. அதே கால், அதே நடை. நடக்கிற இடம் மாறினால் மனசும் மாறுமா என்ன? அவருக்கு நம்பவே முடியவில்லை. அன்றைக்கு விடியும்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்.

நாளைக்குப் பத்தாகப் பதினோராம் நாள் நூற்றெட்டும் முடிந்தது. சண்முகையாவுக்குத் திக்கென்றது. நாளையிலிருந்து மறுபடியும் கிணறா? வழியெல்லாம் யோசித்து, ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தார்.

"எண்ணிக்கை தப்பிப்போச்சுட்டி. சாமி காரியம்லா! முதல்லேர்ந்து சுத்தணும்."

சீனியம்மாள் அம்மிக்கு முன்னால், இரண்டு முட்டும் நன்றாக மடங்கக் குத்தவைத்துத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தாராளமாச் சுத்துங்க. நான் நேந்திருந்தால்லா எண்ணிக்கை தப்புறதுக்கு!"