வலது காதில் முட்டை பராட்டா

மக்கள் சொல்றத காது குடுத்துக் கேக்கணும்ங்கிற உன்னத நோக்கத்துக்காக ஒரு வாரியம் இருக்கு. பேரு பொதுமக்கள் செவிமடுப்பு வாரியம். அதுக்கு லிட்டில் இந்தியால ஒரு கிளை. ஏர்கான் சூப்பரா இருக்கும். சோபா இருக்கும். வாசல்ல ஒரு க்யூஆர் கோடு இருக்கும், அதை ஸ்கேன் பண்ணாதான் கதவு திறக்கும். கதவு திறக்கலன்னு புகார் குடுக்கணும்னா உள்ள வந்து குடுக்கணும்.

அந்தக் கிளையில "செவித்திறன் குறைந்தோர் சேவை முகப்பு"ன்னு ஒரு கவுண்டர். அங்க புதுசா வேலைக்குச் சேர்ந்தவன் கபிலன். இன்னும் ப்ரொபேஷன். அந்த மொத்த ஆபீஸ்லயும் ஹியரிங் எய்டு போட்டிருக்கிற ஒரே ஆள் அவன்தான். அதனால வாரியத்தோட எல்லா போஸ்டர்லயும் அவன்தான் சிரிச்சிட்டு இருப்பான். போஸ்டர்ல பெர்மனென்ட், வேலையில டெம்பரரி.

கபிலனுக்கு இடது காது சுத்தமா கேக்காது. நாலு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. போறப்ப அந்தக் காதையும் கூடவே கூட்டிட்டுப் போயிடுச்சு. வலது காதுல கொஞ்சம்தான் குறை. ரெண்டு பக்கமும் ஒரு மெஷின் மாட்டியிருப்பான். இடது பக்கம் இருக்கிறது வெறும் மைக். அந்தப் பக்கம் யாராச்சும் பேசினா, அது பிடிச்சு வயர் இல்லாமயே வலது மெஷினுக்கு அனுப்பிடும். செம டெக்னாலஜி, நெஜமா! ஆனா ப்ளூடூத்ல வர்ற சத்தம் எல்லாம் வலது மெஷின்ல மட்டும்தான் விழும். பாட்டுல இடது பக்கத்துக்குன்னு தனியா ஒதுக்கினது அவனுக்கு வரவே வராது. போன்ல "மோனோ"ன்னு ஒரு செட்டிங் இருக்கு. அதைத் தட்டினா ரெண்டு பக்கச் சத்தமும் கலந்து ஒண்ணா வந்துடும். பிரச்சினை தீர்ந்துச்சு. ஒரே ஒரு தட்டு.

ஒரே தட்டுல தீர்ற பிரச்சினைய வாரியம் என்னைக்குமே அனுமதிச்சதில்ல.

வாரியம் ஒரு கட்டாயப் பயிற்சி கொண்டுவந்துச்சு. இப்போ எல்லா ஆபீஸ்லயும் அதுதானே ஃபேஷன். பேரு "ஒவ்வொரு குரலும் முக்கியம்: இருசெவி அமிழ்வனுபவக் கற்றல்." செவித்திறன் குறைஞ்சவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்ற பாடம். ஹெட்செட் மாட்டினா இடது காதுல ஆபீசர் பேசுவார், வலது காதுல வாடிக்கையாளர் பேசுவாங்க. கவுண்டர் நடுவுல நாமளே உக்காந்திருக்கிற மாதிரி இருக்குமாம். தொடக்க விழால கிளைத் தலைவர் யோகம் மேடம் மைக் பிடிச்சு, "இடது செவியில் கடமை! வலது செவியில் கருணை!"ன்னாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அந்த வருஷமே வாரியத்துக்கு "அரவணைப்பு விருது" கிடைச்சுச்சு. கண்ணாடில செஞ்ச காது. மேடம் ரூம்ல இருக்கு.

இதுல பாஸானாதான் கபிலனுக்கு கன்ஃபர்மேஷன். மாசக் கடைசிக்குள்ள ஆகலன்னா வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனா, காதலி ரக்ஷனா வீட்டுக்குப் பொண்ணு கேட்டுப் போக முடியாது. அவ அப்பா சுவா சூ காங் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல பார்க்கிறப்பலாம் கேக்குற ஒரே கேள்வி, "தம்பி, பெர்மனென்ட் ஆயாச்சா?"

கபிலன் தன் காது மெஷினையே ஹெட்செட்டா ஆபீஸ் லேப்டாப்போட ப்ளூடூத்ல கனெக்ட் பண்ணி, நல்ல பிள்ளையா உக்காந்து, பாடத்தைப் போட்டான்.

ஆபீசர் குரல் கேக்கல. அது அவனே எதிர்பார்த்ததுதான். வலது பக்கம் வாடிக்கையாளர் பேச ஆரம்பிச்சாங்க.

"ஹலோ பாய்? முட்டை பராட்டா ரெண்டு. குழம்பு தனியா கட்டிருங்க. மேல ஊத்திடாதீங்க, போன தடவ ஊறிப் போச்சு. ஆங்... ஸ்டூடியோலதான் இருக்கேன். ஏதோ காது கேக்காதவங்க பாடமாம்."

அவ்வளவுதான். அப்புறம் நெடுநேரம் மெல்லுற சத்தம்.

கபிலன் மூணு தடவ கேட்டான். பராட்டாதான். கடைசில கேள்வி வந்துச்சு: "அதிகாரி முதலில் என்ன செய்தார்?" அவனுக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பா தட்டினான். ஃபெயில்.

பக்கத்து சீட்டு பிரேம்கிட்ட போனான்.

"ப்ரோ, அந்தப் பாடம் முடிச்சிட்டியா?"

"எப்பவோ. நூத்துக்கு நூறு."

"வலது பக்கம் யாரோ பராட்டா ஆர்டர் பண்றாங்களே, அது என்னது?"

"என்ன பராட்டா?"

"முட்டை பராட்டா."

பிரேம் அவன் காதைப் பார்த்தான். "ப்ரோ, தப்பா எடுத்துக்காத. மெஷின் சர்வீஸ் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

"நீ நெஜமாவே கேட்டியா?"

"நூறு மார்க் லா! கேக்காம நூறு வாங்க முடியுமா?"

முடியும். அந்தக் கிளையில பயிற்சி பண்ற முறையே தனி. பாடத்தை ஓட விட்டு, சத்தத்தை மூடிட்டு, சாப்பிடப் போயிடுவாங்க. திரும்பி வர்றதுக்குள்ள "நல்லதொரு குழு"ங்கிற சேட் குரூப்ல யாராச்சும் விடைய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருப்பாங்க. முதல் விடை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. ப்ரொபேஷன்ல இருக்கிறவங்கள அந்த குரூப்ல சேர்க்க மாட்டாங்க. நேர்மை முக்கியம் பாருங்க. அதனால வாரியத்துலயே அந்தப் பாடத்தைக் காதால கேட்ட ஒரே ஆபீசர், ஒரு காது கேக்காத கபிலன்தான்.

அவன் ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் போட்டான். ரபியான்னு ஒருத்தங்க எடுத்தாங்க.

"வணக்கம் மிஸ்டர் கபிலன். உங்க பிரச்சினைய நாங்க காது குடுத்துக் கேக்குறோம். ரெண்டு காதுலயும் சத்தம் சமமா வருதா?"

"இல்லங்க. இடது காதுல வராது."

"எப்போலேர்ந்து?"

"நாலு வயசுலேர்ந்து."

கீபோர்டு தட்டுற சத்தம். "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"எதை?"

"இடது பக்கத்தை."

"அது காதுங்க."

"சரி. டிவைஸ மறக்கச் சொல்லிட்டு, மறுபடி கனெக்ட் பண்ணிப் பாருங்க."

"பண்ணிட்டேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு. லேப்டாப்ல மோனோ செட்டிங்க மட்டும் ஆன் பண்ணிக் குடுத்தீங்கன்னா போதும். அது லாக் ஆகியிருக்கு."

"ஓ, அதுவா! ரொம்ப ஈஸி. அது அணுகல்தன்மை, அதான் ஆக்ஸசிபிலிட்டி செட்டிங். அதை மாத்துற உரிமை, அணுகல்தன்மைப் பயிற்சில பாஸானவங்களுக்குத்தான்."

"அந்தப் பயிற்சி எது?"

"ஒவ்வொரு குரலும் முக்கியம்."

"அதுல பாஸாகத்தான் செட்டிங் கேக்குறேன்."

"கரெக்ட். பாஸானதும் கூப்பிடுங்க, உடனே பண்ணித் தர்றேன்."

"என் போன்ல மோனோ இருக்குங்க. அதுல பார்க்கலாமா?"

"பாதுகாப்புக் காரணமா ஆபீஸ் லேப்டாப்ல மட்டும்தான் திறக்கும்."

"லேப்டாப் ஸ்பீக்கர்ல?"

"ஹெட்செட் இல்லன்னா அமிழ்வனுபவம் வராது மிஸ்டர் கபிலன். பாடம் திறக்காது. வேற ஏதாச்சும்?"

"வலது பக்கம் வாடிக்கையாளர் பேசல. யாரோ பராட்டா ஆர்டர் பண்றாங்க."

மறுபடி கீபோர்டு தட்டுற சத்தம். அப்புறம் ரபியா தாழ்ந்த குரல்ல, "குறுக்கீடு"ன்னாங்க.

மறுநாளே குறுக்கீட்டு ஆய்வுக் குழு வந்துச்சு. கழுத்துல பாஸ் தொங்கவிட்டு, கையில ஆன்டெனா பிடிச்சு, கபிலனைச் சுத்திச் சுத்தி நடந்தாங்க. கடைசில ஜன்னல் வழியா கீழ பார்த்தாங்க. கீழ ரவூப் பாயோட பராட்டா கடை. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினாங்க. முடிவு ரெடி: கீழ்த்தளக் கடையில குடுக்குற ஆர்டர், ப்ளூடூத் வழியா ஊழியரோட வலது செவிக்குள்ள கசியுது.

ரவூப் பாய்க்கு நோட்டீஸ் போச்சு. கடைல இருக்கிற எல்லா ப்ளூடூத் கருவியையும் அணைக்கணுமாம். மனுஷன் நோட்டீஸோட மேல ஏறி வந்துட்டாரு.

"தம்பி, என் கடைல இருக்கிறது தோசைக்கல்லு. அதை அணைச்சா நான் எதுல போடுறது?"

"பாய், சாரி பாய். நான் ஒண்ணும் சொல்லல. அவங்களா முடிவு பண்ணிட்டாங்க."

"அப்படி என்னதான்பா கேக்குது உனக்கு?"

"முட்டை பராட்டா ரெண்டு, குழம்பு தனியா."

பாய் யோசிச்சாரு. "நல்ல ஆர்டருப்பா. ஆனா என் கடை ஆர்டர் இல்ல. இங்க வர்றவன் எல்லாம் உக்காந்து சாப்பிடுறவன்."

பாயோட வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டுச்சு. அவர் ப்ளூடூத் பயிற்சி பெறாதவர்ங்கிறதால நிராகரிக்கப்பட்டுச்சு.

மாசக் கடைசி நெருங்கிடுச்சு. கபிலன் மறுபடி ட்ரை பண்ணான், மறுபடி ஃபெயில். ரக்ஷனா மெசேஜ் போட்டா: "அப்பா இன்னைக்கும் கேட்டாரு." அவன் லேப்டாப்பைத் தூக்கிட்டு நேரா யோகம் மேடம் ரூமுக்குப் போனான்.

"மேடம், ஒரே ஒரு தடவ நீங்களே கேட்டுப் பாருங்க."

"நான் ஏற்கனவே கேட்டாச்சு கபிலன். நூத்துக்கு நூறு. கண்ணீரே வந்துடுச்சு."

"என் கண்ணு முன்னாடி ஒரு தடவ, ப்ளீஸ் மேடம்."

மேடம் ஹெட்செட்ட மாட்டினாங்க. முதல்ல பெருமையா தலையாட்டினாங்க. அப்புறம் தலை நின்னுச்சு. கண்ணு மெதுவா கண்ணாடிக் காது பக்கம் போச்சு. மெல்லுற சத்தம் முடியுற வரைக்கும் கழட்டவே இல்ல.

"தெளிவா இருக்கு"ன்னாங்க.

"பராட்டா கேட்டுச்சா மேடம்?"

"மீட்டிங் கூப்பிடறேன்."

மீட்டிங்ல விஷயம் நிதானமா அலசப்பட்டுச்சு. ரெக்கார்டிங் தப்புன்னா, அதைக் கேட்டு நூறு வாங்கின சர்டிஃபிகேட் எல்லாம் தப்பு. சர்டிஃபிகேட் தப்புன்னா விருது தப்பு. விருது தப்பா இருக்க முடியாது, ஏன்னா வாங்கியாச்சு. ஆகவே ரெக்கார்டிங் சரி. ரெக்கார்டிங் சரின்னா, பாடத்துல வர்ற வாடிக்கையாளர் பராட்டா கேக்குறதும் சரி. செவித்திறன் குறைந்தவங்களுக்கும் பசிக்கும்ங்கிற ஆழமான உண்மைய உணர்த்தத்தான் தயாரிப்பாளர் அப்படி வெச்சிருக்காருன்னு ஒருமனதா கண்டுபிடிக்கப்பட்டுச்சு. ஒருத்தர் மூக்கை உறிஞ்சினாரு.

"அப்போ நான் கேட்டது கரெக்ட்தானே மேடம்? என்னை கன்ஃபர்ம் பண்ணிடலாமே?"

"நீங்க கேட்டது கரெக்ட். ஆனா நீங்க ஃபெயில். ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்."

உண்மை இவ்ளோ ஆழமா இருக்கிறதால தேர்வுல ஒரு புதுக் கேள்வி சேர்த்தாங்க: "வாடிக்கையாளரின் முதன்மைத் தேவை யாது?" நாலு விடை குடுக்கல, அவங்கவங்களே டைப் பண்ணணும். எல்லா ஆபீசரும் திரும்ப எழுதணும்.

அன்னைக்கு "நல்லதொரு குழு" வரலாற்றுலயே முதல் தடவையா அமைதியா இருந்துச்சு. யாருகிட்டயும் விடை இல்ல. பாடத்தைத் திறந்து கேட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அந்த யோசனை யாருக்கும் வரல. பிரேம்தான் ரெண்டு கப் தே தாரிக் டீயோட கபிலன் மேசைக்கு வந்தான்.

"ப்ரோ... அந்தப் பராட்டா மேட்டர் முழுசா சொல்லேன்."

"ஹெட்செட் மாட்டிக் கேளு."

"ஏய், என்ன லா, வேலை இருக்குல்ல."

"என்ன வேலை?"

"இந்த ட்ரெய்னிங்தான்!"

கபிலன் அவனையே பார்த்தான். "என் மெஷின சர்வீஸ் பண்ணச் சொன்னியே."

"அது அப்போ ப்ரோ. இன்னைக்கு இந்த ஆபீஸ்ல ஓடுற ஒரே மெஷின் உன்னோடதுதான்." பிரேம் குரலைத் தாழ்த்தினான். "நீ வலது பக்கத்தைக் குடு. நாங்க இடது பக்கத்தைத் தர்றோம். உன்னை குரூப்ல வேற சேர்த்துடுறேன்."

கபிலனுக்குச் சொல்றதுக்கு நிறைய இருந்துச்சு. நியாயம், நேர்மை, ஒவ்வொரு குரலும் முக்கியம், எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்போ பார்த்து போன் அடிச்சுச்சு. ரக்ஷனா அப்பா. எடுக்கல. தே தாரிக்க ஒரு வாய் குடிச்சிட்டு, "குழம்பு தனியா"ன்னான்.

சாயங்காலத்துக்குள்ள கிளை மொத்தமும் நூத்துக்கு நூறு. கபிலனும் நூறு. சவுண்ட மூடி வெச்சிட்டுத்தான் எழுதினான். வேலை கன்ஃபர்ம். ரக்ஷனா அப்பா கை குலுக்கினாரு. ரபியாவே கூப்பிட்டு, "வாழ்த்துகள் மிஸ்டர் கபிலன், இப்போ உங்களுக்கு மோனோ உரிமை இருக்கு"ன்னாங்க. "இனிமே எதுக்குங்க"ன்னு சொல்லிட்டான்.

பயிற்சில படிச்சத கவுண்டர்ல அப்படியே கடைப்பிடிக்கணும்னு சுற்றறிக்கை வந்துச்சு. ஆங் மோ கியோலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. பேரு கமலா, ஹியரிங் எய்டு போட்டவங்க. போன்ல பேசுறது ஒரு பக்கம்தான் வருதுன்னு சொல்றதுக்குள்ள, கபிலன் எழுந்து நின்னு, முகத்தைப் பார்த்து, நிதானமா, கனிவா கேட்டான்.

"அக்கா, குழம்பு தனியா வேணுமா, மேலயே ஊத்தணுமா?"

அக்கா ஒரு நிமிஷம் முழிச்சாங்க. அப்புறம், "தனியா"ன்னாங்க. போறப்ப வாசல்ல இருக்கிற சிரிச்ச முக பட்டனை அழுத்திட்டுப் போனாங்க. அடுத்து வந்தவங்களும் அதே பட்டன். அந்த மாசம் கிளையோட திருப்திக் குறியீடு நாட்டுலயே முதலிடம். ஏன்னு விசாரிக்கத் தலைமையகத்துலேர்ந்து ஆள் வந்து கருத்துப் பெட்டியத் திறந்து பார்த்தாங்க. எல்லாச் சீட்டுலயும் கிட்டத்தட்ட ஒரே வரி: இத்தனை வருஷத்துல இந்த கவுண்டர்ல முதல் தடவையா எனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க.

பராட்டா யாருக்கும் வரல. அதைப் பத்தி ஒருத்தரும் புகார் குடுக்கல. கவுண்டர்ல கேட்டது கைக்கு வராதுன்னு தெரியாத அளவுக்கு நாம யாரும் இந்த ஊருக்குப் புதுசு இல்லையே.