டெல்மர் வெளியே போனால் டச்டவுன்

"என் பொணத்தைத்தான் அந்தக் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்!" என்று சூளுரைத்தார் டெல்மர் ஹாகின்ஸ். கையில் முட்கரண்டி. அதன் முனையில் பாதி முட்டை. சூளுரை பலமாக இருந்ததால் முட்டை மேஜையில் விழுந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி அர்லீனின் அக்கா மகள் மிஸ்டிக்குக் கல்யாணம். அதில் தப்பில்லை. நவம்பர் மாதம், சனிக்கிழமை, மத்தியானம். அதுதான் தப்பு. க்ளோவர் க்ரீக் ஊரில் பெல்டன் கல்லூரி ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால், ஆடும் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பல் பிடுங்கிக்கொள்வதில்லை. சாகக் கிடக்கிறவர்கள்கூட ஞாயிறு வரைக்கும் தாக்குப்பிடிப்பதுதான் மரியாதை. அதிலும் இது சாதாரண சனிக்கிழமையா? டெல்பி கல்லூரியோடு மோதுகிற சனிக்கிழமை!

"மாப்பிள்ளை வெளி மாநிலம், கனெக்டிகட்காரன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது," என்றாள் அர்லீன்.

"உங்க அக்காவுக்குத் தெரியாதா? அவளும் கனெக்டிகட்டா?"

"மண்டபம் அன்னிக்குத்தான் கிடைச்சுதாம்."

"கிடைக்காம என்ன பண்ணும்? அன்னிக்குப் போய் எந்த மடையன் மண்டபம் கேப்பான்?"

அர்லீன் அடுப்புப் பக்கம் திரும்பினாள். வாணலியில் அடுத்த முட்டையை உடைத்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன், பெண்டாட்டி பதில் பேசாவிட்டால் கொஞ்சம் பயப்பட வேண்டாமோ? டெல்மர் பயப்படவில்லை. அவர் மனசெல்லாம் டெல்பி மேல் இருந்தது.

பெல்டன் பன்னிரண்டு வருஷமாக டெல்பியிடம் தோற்றுக்கொண்டிருந்தது. அத்தனை தோல்வியையும் சோபாவை விட்டு எழுந்திருக்காமல் பார்த்தவர் டெல்மர். ஒரே ஒரு தடவை, பெல்டன் டெல்பியை மண்ணைக் கவ்வ வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பாவம், அவருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

பெல்டன் ஏன் தோற்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். கோச் பாஸ்கம் சரியில்லை. "மூணாவது முயற்சி, இன்னும் எட்டு கஜம் போகணும். பந்தை எறிய வேண்டாமா? எறிய மாட்டான்! நடுவுலயே ஓட விடுவான். அங்கே எதிராளி பத்து பேர் சுவர் மாதிரி நிக்கறான்!" கூடைப்பந்து கோச்சும் சரியில்லை. "பனைமர உயரம் ஒருத்தன் இருக்கான், அவனைக் கொண்டுபோய் கோட்டுக்கு வெளியே நிறுத்தறான். குள்ளனைக் கூடைக்குக் கீழே நிறுத்தறான்." டெல்மர் பள்ளிக்கூட நாளில் ஒரு சீசன் ஃபுட்பால் ஆடியவர். ஆடினார் என்றால், பெஞ்சில். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரியும் என்பது அவர் கட்சி.

அது அக்டோபர் சனிக்கிழமை, அன்று மத்தியானமே ஒரு ஆட்டம் இருந்தது. டெல்மர் சோபாவில். அர்லீன் சமையலறையில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டு சில்லி கிளறிக்கொண்டிருந்தாள். பெல்டன் திணறிக்கொண்டிருந்தது.

"டெல்மர்! குப்பை நாறுது. வெளியே வெச்சுட்டு வா."

"இப்பவா?"

"இல்லை, கிறிஸ்துமஸுக்கு."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். திரும்பி வந்தால் டிவியில் மைதானமே கனைத்துக்கொண்டிருந்தது. பெல்டன் அணிக்குக் கோவேறு கழுதைதான் சின்னம். அவர்கள் பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் அடித்தால் ரசிகர்கள் கழுதை மாதிரி கனைப்பார்கள். அடிச்சுட்டாங்களா! அடடா, பார்க்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் போனது.

"டெல்மர்! பறவைக்கு வெச்ச தீனித்தட்டு காலியா இருக்கு."

"பறவை செத்தா போயிடும்?"

"நீ சில்லி இல்லாம செத்தா போயிடுவே?"

போனார். வந்தார். இன்னொரு டச்டவுன். டெல்மர் தீனிப் பையைப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்றார். இரண்டு தடவை வெளியே போனோம், இரண்டு டச்டவுன்!

அடுத்த சனிக்கிழமை அவர் ஆட்டம் பார்க்கவில்லை, ஆராய்ச்சி செய்தார். தானாகவே எழுந்து வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிராளி அடித்துவிட்டான். ஓடி வந்து உட்கார்ந்தார். அப்போது அர்லீன், "டெல்மர், கூரைத் தூம்புல இலை அடைச்சிருக்கு, ஏணியை எடு," என்றாள். ஏணியில் கால் வைத்ததுதான் தாமதம், உள்ளே டிவி கனைத்தது!

ஏணி மேலேயே யோசித்தார். நான் போனால் ஒன்றுமில்லை. அவள் அனுப்பினால் டச்டவுன். ஏன்? கையில் அழுகின இலையோடு ரொம்ப நேரம் யோசித்துக் கண்டுபிடித்தார். தானாகப் போனால் அதில் தியாகம் இல்லை! மனசில்லாமல், வயிறெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டும். அதுக்குத்தான் பலன்.

"அர்லீன், உனக்கு ஏதாவது தோணிச்சா?" என்று சமையலறையில் வந்து மெதுவாக விசாரித்தார்.

"என்ன தோணணும்?"

"நீ என்னைக் கூப்பிடறப்போ... உனக்குள்ள ஏதாவது குரல் மாதிரி..."

அர்லீன் காதோரத்து முடியைச் சரிசெய்துகொண்டாள். "குரலா? எனக்கென்னப்பா தெரியும். நான் பந்து பார்க்கறவளா?"

பக்கத்து வீட்டு ஹோமர் பிக்கெட்டிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். ஹோமர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஹோமரே செப்டம்பரில் போட்ட பெல்டன் சட்டையை இன்னும் துவைக்காமல் இருப்பவர்.

"அடப்பாவி! அப்போ பன்னிரண்டு வருஷமா நாம தோத்தது உன்னாலதானா?"

"அப்படிச் சொல்லாதே ஹோமர்!"

"வேற எப்படிச் சொல்ல? டெல்பி மேட்ச் அன்னிக்கெல்லாம் நீ எங்கே இருந்தே?"

"சோபாவுல."

"பாஸ்கமைப் போய்த் திட்டினோமே, மன்னிக்கணும் அந்த மனுஷன். இதோ பாரு, இந்த வருஷம் டெல்பி மேட்ச் அன்னிக்கு நீ வீட்டுலயே இருக்கக்கூடாது. உலகத்துலயே உனக்குப் பிடிக்காத இடம் எதுவோ அங்கே போய் உக்காரு."

உலகத்திலேயே பிடிக்காத இடம். டெல்மருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை அவர் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு கனைத்தார். கழுதைக் கனைப்பு இல்லை, புருஷன் கனைப்பு.

"அர்லீன், மிஸ்டி கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

"வேண்டாம்பா. நீ உன் மேட்சைப் பாரு. நான் அக்காகிட்ட சொல்லியாச்சு, நீ வரலைன்னு."

"இல்லை, நான் வரணும். நீ என்னைக் கட்டாயப்படுத்தணும்."

"எனக்கு மனசு வரலையே. பன்னிரண்டு வருஷ ஆசை உனக்கு."

"கெஞ்சிக் கேக்கறேன். கோவமாக் கூப்பிடு. திட்டிக் கூப்பிடு!"

அர்லீன் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள். ஆனால் நிபந்தனை இருந்தது. கோட்டும் டையும் போட வேண்டும். போனை அவள் கைப்பையில் போட்டுவிட வேண்டும். ஸ்கோர் என்ன என்று யாரையும் கேட்கக்கூடாது. வயசான அத்தைகள் கூப்பிட்டால் ஆட வேண்டும்.

"அத்தைகளுமா?"

"தியாகம்னு நீதானே சொன்னே?"

கல்யாண நாளும் வந்தது. மண்டபத்தில் பெண்கள் நிறைய. ஆண்கள் மாப்பிள்ளை வீட்டு கனெக்டிகட்காரர்கள் மட்டும். உள்ளூர் ஆண்கள் சர்ச்சில் தலையைக் காட்டிவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் பிக்கப் வண்டி ரேடியோக்களில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். டெல்மர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வெளியிலிருந்து ஏதாவது சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டார். கனெக்டிகட்காரர் ஒருவர் வந்து, "நீங்க ஃபுட்பால் எல்லாம் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். டெல்மருக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயிக்கிறோமா, தோற்கிறோமா? கேட்கத்தான் கூடாதே! லூடி அத்தையோடு ஆடினார். பெர்னீஸ் அத்தையோடு ஆடினார். பெர்னீஸ் அத்தை அவர் காலை இரண்டு தரம் மிதித்தாள். நல்லதுதான், இதுவும் பெல்டனுக்கே என்று பொறுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு மெதுவான பாட்டு ஆரம்பித்தது. அர்லீன் வந்து கையை நீட்டினாள். டெல்மர் அவளை அணைத்துக்கொண்டு ஆடினார். கன்னத்தோடு கன்னம். கூந்தலில் நல்ல வாசனை. முப்பது வருஷத்துக்குப் பிறகும் இவள் அழகுதான் என்று நினைத்தார்.

அப்போது அர்லீனின் காதுக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல், "மூணாவது முயற்சி, எட்டு கஜம்," என்றது.

டெல்மர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிக்காதே, ஆடு," என்றாள் அர்லீன், உதடு அசையாமல்.

"உன் காதுல யாரு?"

"ரேடியோக்காரன். உஷ்! பத்து செகண்ட்தான் பாக்கி. நாலு புள்ளி பின்னாடி இருக்கோம்."

"ஐயோ, நான் கேட்டுட்டேனே! தோத்துடுவோமே! என்னைத் திட்டு, வெளியே அனுப்பு!"

"வாயை மூடு டெல்மர்."

குரல் சொன்னது: பாஸ்கம் நடுவில் ஓட விடுகிறார். டெல்மர் முனகினார். இல்லை, ஓடுவது பாசாங்கு! டெல்பி மொத்தமும் நடுவில் பாய்ந்துவிட்டது, ஓரத்தில் ஒருத்தன் தனியாக நிற்கிறான், பந்து வருகிறது, பிடித்துவிட்டான்... அதற்கு மேல் ரேடியோக்காரருக்குப் பேச்சு வரவில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நூறு கழுதைகள் கனைத்தன. பெல்டன் ஜெயித்துவிட்டது! டெல்மர் பெண்டாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கனெக்டிகட்காரர்கள், என்ன அன்பான தம்பதி என்று கைதட்டினார்கள்.

"வருஷம் பூரா நடுவுல ஓட விட்டது இதுக்குத்தான். அவங்களைப் பழக்கிட்டான் பாஸ்கம். நான் அக்டோபர்லயே நினைச்சேன்," என்றாள் அர்லீன்.

டெல்மர் முகத்தைத் தூக்கினார். கண்ணீர் சட்டென்று நின்றது.

"அக்டோபர்லயா? இது எப்போலேருந்து உன் காதுல இருக்கு?"

"'என் பொணம்'னு நீ சபதம் போட்ட அன்னிக்கு மத்தியானத்துலேருந்து. உன் டிவி ரேடியோவை விட முக்கால் நிமிஷம் பின்னாடி வருது. கேபிளை வெட்டிட்டு இன்டர்நெட்ல பார்த்தா அப்படித்தான். எனக்கு இங்கே டச்டவுன் கேட்டுடும். அப்புறம் உன்னைக் கூப்பிடுவேன். நீ முணுமுணுத்துட்டு வெளியே போக நேரம் சரியா இருக்கும்."

அப்போ அபசகுனமும் இல்லை, தியாகமும் இல்லை. சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்த்திருக்கலாம்! பன்னிரண்டு தோல்வியைப் பார்த்த கண், ஒரே ஒரு வெற்றியன்று பெர்னீஸ் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டெல்மருக்கு ரத்தம் கொதித்தது.

"இந்த நிமிஷமே ஊருக்குச் சொல்றேன்! அடுத்த வருஷம் டெல்பி மேட்ச் அன்னிக்கு என்னை ஒருத்தரும் சோபாவுலேருந்து கிளப்ப முடியாது!"

"தாராளமாச் சொல்லு," என்று அர்லீன் கைப்பையைத் திறந்து போனைக் கொடுத்தாள். அது ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. ஹோமர்.

"டெல்மர்! எங்க தங்கமே!" ஹோமர் கத்தினார். பின்னால் ஒரு கும்பலே கனைத்தது. "ஊரே உன் பேரைத்தான் சொல்லுது. இப்படி ஒரு தியாகத்தை எவன்டா பண்ணுவான்? கடைத்தெருவுல உன் பேரை எழுதித் துணி கட்டப் போறோம்!"

டெல்மர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் சோபா கிடைக்கும். கூடவே, பெண்டாட்டி காதில் இருந்த ரேடியோவைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவனா கோச்சுக்குப் பாடம் சொன்னான் என்கிற பேரும் கிடைக்கும். கடைத்தெருவில் அவர் பேர் போட்ட துணி காற்றில் ஆடுவது மனசில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"என்னால முடிஞ்சது ஹோமர்," என்றார் ஈனக்குரலில். "ஆனா அடுத்த வருஷம் பாரு, அன்னிக்குப் போறதுக்கு ஒரு கல்யாணம் வேணுமே, கிடைக்கிறது கஷ்டம்..."

"அந்தக் கவலையே உனக்கு வேண்டாம்! அர்லீன்கிட்ட அப்பவே பேசிட்டேன். அவ அக்காவுக்கு இன்னும் மூணு பொண்ணு இருக்காம்."