தூண்டில் ஐயாவின் இரண்டாவது குளம்

இலங்கை மலைநாட்டில் அட்டைக்கு அடுத்தபடியாக என் ரத்தத்தை அதிகம் எடுத்தவர் தூண்டில் ஐயாதான். அட்டையாவது பேசாமல் குடிக்கும். இவர், "என்னடா தம்பி, கஞ்சத்தனமா வருது?" என்று திட்டவும் செய்வார்.

எழுபதுகளின் கடைசி. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஆய்வுக்கூடத்தில் அவர் விஞ்ஞானி, நான் உதவியாளன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தது இந்த மனுசனுக்குக் கையை நீட்டவா?

தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்குப் புது மருந்து வந்திருந்தது. வண்டு சாகிறது, மற்றவர்களுக்கு அது போதும். இவருக்கோ, வண்டின் உடம்பில் எந்தப் புரதத்தை மருந்து பிடிக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மருந்தின் சாயலுள்ள ஒரு பொருளைப் பொடி மணிகளில் கட்டிக் கண்ணாடிக் குழாயில் நிரப்புவார். அதுதான் தூண்டில். அரைத்த வண்டுச் சாறுதான் குளம். மேலிருந்து ஊற்றி, கழுவிக் கழுவி, கடைசிவரை ஒட்டி நிற்பது எது என்று பார்ப்பார்.

"இன்னும் கழுவுடா. ஒட்டுறதெல்லாம் மீனா? சேறும்தான் ஒட்டும்."

பிறகு இரை கட்டாத வெறும் மணிகளிலும் அதே வேலையை முதலிலிருந்து செய்யச் சொல்வார்; அதிலும் ஒட்டினால் அது சேறு.

புரதம் கெடாமலிருக்கக் குளிர் வேண்டும். கரண்ட் போனால் குழாயைப் பனிமூட்டத்தில் வராந்தாவில் வைத்து, என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, தான் கம்பளிக்குள் புகுந்துகொள்வார்.

"எனக்கும் குளிருதுங்க ஐயா."

"நல்லது. அப்ப குழாய்க்கும் குளிரும்."

ஒருவழியாக வண்டின் நரம்பை அடக்கும் புரதம் ஒன்று சிக்கியது. டைரக்டர் கைகுலுக்கினார். அடுத்து ஒரு தோட்டத்தில் மருந்தடிக்க ஏற்பாடு. அது எங்கள் தோட்டம்; அம்மா கொழுந்தெடுக்கும் மலை.

"வண்டுக்குள்ள இருக்கிறது ஒங்கம்மாவுக்குள்ளயும் இருந்தா?" என்றபடி ஐயா ஊசியை எடுத்தார். இரண்டாவது குளம் நான். என் ரத்தத்திலும் அதே வேலை செய்யும் புரதம் தூண்டிலில் வந்து நின்றது.

டைரக்டர் சிரித்தார். "மனுசனும் வண்டும் ஒண்ணா? அடிக்கிறவங்க பாத்து அடிப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் கட்டத் துணிகூடக் கொடுக்காத தோட்டத்தில் எதைப் பார்த்து அடிப்பது?

மருந்தடிக்கும் நாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கையில், ஐயா குழாயும் ஊசியுமாக வந்து தோட்டத்துத் துரையின் முன்னால் நின்றார்.

"ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் ரத்தம் குடுங்க. ஒங்களோடது தூண்டில்ல ஒட்டலேன்னா தாராளமா அடிச்சிக்கலாம்."

துரை பின்வாங்கினார். "என்னோடது எதுக்கு?"

"என்னோடது குடுத்தாச்சுங்களே" என்று ஐயா சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசி குத்திக் குத்தி, கை முழுக்க நீலம் பாரித்திருந்தது.

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ரத்தம் தர மறுத்துவிட்டு மருந்தை மட்டும் அடிக்கச் சொல்லத் துரைக்கு வாய் வரவில்லை. அன்று மருந்துப் பீப்பாய் திறக்கப்படவில்லை.

வரிசையில் நின்ற அம்மா ஐயாவின் கையைப் பார்த்தார், பிறகு என் கையை. "ஒனக்கு நாலு குத்து. அதுக்கா வீட்டுல அந்தக் கத்து கத்துன?"

இன்றும் அட்டை கடித்தால் ஐயாவின் நினைவு வருகிறது. அதைப் பிய்த்தெறியக் கொஞ்சம் தாமதமாகிறது.