அம்மாவிடமிருந்து வந்த இருமல்

“இந்த இருமல் உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இருக்கா?” என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் பஸ் டிப்போ டைம்கீப்பர் மனைவியிடம் கேட்டார்.

“இல்லீங்க. இங்க வந்தப்புறம்தான்.”

“தண்ணி ஒத்துக்கல போல. இரு, வரேன்.”

இஞ்சியைத் தட்டி, மிளகைப் பொடித்து, அவரே கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். புது மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்து, “எங்க வீட்லகூட என்னை யாரும் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் இன்றுவரை சலிக்காமல் கஷாயம் வைத்துவருகிறார். அவளும் சலிக்காமல் இருமிவருகிறாள்.

இப்போது அதே இருமல், அச்சு அசலாக, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு.

மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது மகளின் காதில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பாவைப் படுத்தாதே என்றிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நேரமும் பார்த்து வந்தது இருமல். மறுநாள் பஸ் டிப்போவில் மேனேஜருக்குப் பிரிவு உபசார விழா. டைம்கீப்பர் சொந்தமாக எழுதிய வாழ்த்துப் பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை, அவரே பெயர் கொடுத்துவிட்டார். எத்தனையோ வருஷமாக மைக்கில் பஸ் நம்பரை மட்டுமே சொல்லிவந்த தொண்டைக்கு அது முதல் மேடை. ஆனால் இருமுகிற குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது? இன்றைக்குள் குணப்படுத்தியாக வேண்டும்.

முதலில் தேன். மகள் கரண்டியை நக்கிவிட்டு, “இன்னொண்ணு” என்றாள்.

“சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுப்பா.”

அவர் முகச்சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றார். பல்லவியைப் பாடி முடித்துக் கன்னத்தில் நுரை பூசுவதற்குள், கூடத்திலிருந்து “லொக்... லொக்.”

பாதி நுரையோடு ஓடினார். வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொடுத்தார். அவள் பாதியை விழுங்கி, மீதியை அவருடைய சட்டையில் துப்பினாள்.

அடுத்து ஆவி. கட்டிலில் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துப் போர்வையால் மூடினார். குழந்தை பயப்படாமல் இருக்க மெதுவாகப் பாடியும் காட்டினார். உள்ளே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. போர்வை குலுங்கியது, பாத்திரம் கவிழ்ந்தது, மெத்தை தொப்பலாகியது. நல்ல வேளை, தண்ணீர் அதற்குள் ஆறியிருந்தது.

கடைசியில் கஷாயத்துக்கு வந்தார். “அம்மாவுக்கே இதுதான் கேக்கும்.”

“அம்மாவுக்கு எங்கப்பா கேட்டுச்சு? இன்னும் இருமிட்டுத்தானே இருக்காங்க?”

“வாய் பேசாம குடி.”

குடித்தாள். முகம் எட்டுக் கோணலாகியது. மெத்தையை மாடிக் கம்பியில் தூக்கிப் போட்டுக்கொண்டே அவர் சரணத்தைப் பிடித்தார். இருமல் இப்போது மாடிப்படி வரைக்கும் கேட்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்கார அக்கா எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணே, காலையிலேர்ந்து ஒரே சத்தமா இருக்கு?”

“குட்டிக்கு இருமல். நாளைக்கு விழா வேற. இந்தச் சரணம் எப்படி இருக்குன்னு நீங்களாவது சொல்லுங்கம்மா.” ஓர் அடி பாடினார்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். “லொக்.”

“அய்யய்யோ, உங்களுக்கும் தொத்திக்கிச்சா! நேத்து எங்க மேனேஜரும் இப்படித்தான் இருமினாரு. என்னமோ சுத்திக்கிட்டு இருக்கு!” என்று அவளுக்கும் ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை வாசலை மறித்து நின்றார்.

அக்கா போனதும் மனைவிக்கு போன் போட்டார்.

“ஏம்மா, குட்டிக்கு உன் இருமல் வந்துடுச்சு.”

“எப்பெப்ப வருது?”

“விளையாடுறப்ப இல்ல. சாப்பிடுறப்ப இல்ல. நான் பக்கத்துல இருந்து கவனிச்சாத்தான் ஜாஸ்தியாகுது.”

பேசிக்கொண்டே அவர் மகளுக்கு இன்னொரு டம்ளர் கஷாயம் ஊற்றினார்.

“நான் நாளைக்கு விழாவுக்குப் போகல” என்றார். “குழந்தையைவிடப் பாட்டு பெரிசா? ஆசைக்கு உங்கிட்டயாவது ஒரு தடவ பாடிடறேன். கேளு.”

தொண்டையைச் செருமி, பல்லவியை எடுத்தார்.

போனுக்குள்ளிருந்து வந்தது: “லொக்... லொக்.”

“அடக் கடவுளே, அங்கயுமா! கஷாயம் வச்சுத்தரக்கூட ஆளில்லையே உனக்கு! இரு, இஞ்சியை எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ல நானே வரேன். குட்டி, நீ இந்த டம்ளரைக் காலி பண்ணிட்டுக் கிளம்பு!”

மகள் டம்ளரைத் தள்ளிவைத்தாள். அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அம்மா, நீ சொல்லிக்குடுத்தபடிதான் செஞ்சேன். இதுக்குமேல என்னால இஞ்சி குடிக்க முடியாது. நீயே அப்பாகிட்ட சொல்லிடும்மா.”

போனை அவருடைய காதில் வைத்து அழுத்தினாள்.

மனைவி சொன்னாள்:

“ஏங்க... கல்யாணமான நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். உங்க கஷாயத்தை ஆயுசுக்கும் குடிக்கிறேன், பாடுறத மட்டும் விட்டுடுறீங்களா?”